கரையில் போடு, தாரில் எடு

காவிரி டெல்டாவில் வெண்ணாற்றங்கரையிலோ வெட்டாற்றங்கரையிலோ ஐந்து கிலோமீட்டர் போனால் சக்கரத்துக்கு அடியில் மண் நாலு தடவை மாறும். கப்பி, அப்புறம் களி, மதகை ஒட்டிக் கொஞ்சம் தார், மறுபடி களி, படுகைப் பக்கம் இறங்கினால் மணல். மலைக்காட்டில் ஓட்டுகிறவர் காலையில் ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் மோடு) போட்டால் சாயங்காலம் எடுத்தால் போதும். இங்கே அந்தப் பழக்கம் வண்டியைத் தின்றுவிடும்.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜீப் எல்லாமே ஒரு ஜாதி. (வண்டிக்கும் தார், ரோட்டுக்கும் தார். இனி இந்தப் பதிவில் வெறும் தார் என்றால் ரோடு.) டூ ஹையில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். ஃபோர் ஹை (நாலு சக்கரமும், சாதா வேகம்) போட்டதும் முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டும் பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டும், இழுவையைப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன, பின் சக்கரங்கள் சின்ன வட்டம். சேற்றில் இந்த வித்தியாசம் டயர் வழுக்கித் தீர்ந்துபோகும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது; அதனால் ஷாஃப்டும் கியரும் முறுக்கேறிக்கொண்டே போகும். ஸ்டீயரிங் கனக்கும், திரும்பும்போது வண்டி விக்கி விக்கி நகரும், கடைசியில் லிவரை டூ ஹைக்கு இழுத்தால் வராது. பலம் போட்டு இழுக்காதீர்கள். ரிவர்ஸ் போட்டு நேராக நாலைந்து மீட்டர் பின்னால் போங்கள், முறுக்கு அவிழ்ந்து லிவர் தானாக விழும். பின்னால் புது டயர், முன்னால் தேய்ந்த டயர் என்று ஓட்டினால் நேர் ரோட்டிலேயே இந்த முறுக்கு ஏறும்.

ஆக, மதகுப் பக்கத்துத் தார்த் துண்டு நூறு மீட்டர்தான் என்றாலும், அதில் திரும்ப வேண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். டூ ஹையிலிருந்து ஃபோர் ஹைக்கு ஓட்டத்திலேயே மாற்றலாம். ஜிம்னியில் 100 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி உண்டு. சக்கரம் வழுக்கிச் சும்மா சுழன்றுகொண்டிருக்கும்போது மட்டும் மாற்றக்கூடாது. வேகம் குறைத்து இழுவை கூட்டும் ஃபோர் லோவுக்கு வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டுத்தான் லிவரைத் தொட வேண்டும். பல் சேராமல் அடம்பிடித்தால் ஓர் அடி உருளவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குமிழில்) கையால் திருகும் லாக் உள்ள பழைய ஜீப்பில் இரண்டு பக்கமும் இறங்கித் திருகியாக வேண்டும். அதைக் கெட்டித் தரையில் நிற்கும்போதே செய்துவிடுங்கள். முழங்கால் சேற்றில் நின்று ஹப்பைத் தேடுவது கொடுமை.

இனி களி. ஐப்பசியில் முதல் மழை பத்து நிமிடம் பெய்தாலே கரையின் மேல்தோல் சோப்பாகிவிடும், அடியில் கல் மாதிரி கெட்டி. இதற்கு ஃபோர் ஹை, இரண்டாவது அல்லது மூன்றாவது கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர். நாலு சக்கரமும் இழுப்பதால் வண்டி கிளம்புவது சுகமாக இருக்கும், அதை நம்பி வேகம் போனால் ஆற்றில்தான் நிற்பீர்கள். பிரேக் பிடிக்க எந்த வண்டியிலும் நாலு சக்கரம்தான். ஃபோர் வீல் அதைக் கூட்டித் தராது. கரையின் நடு முதுகிலேயே ஓட்டுங்கள். ஓரம் சரிந்திருக்கும், பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்த வண்டியை எந்த லிவரும் பிடிக்காது.

இரண்டு மூன்று நாள் மழை ஊறிய களி வேறு விஷயம். இறங்கி நின்று மண்வெட்டிக் காம்பைக் குத்திப் பாருங்கள். இந்த வண்டிகளின் அடிவயிறு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண்தான், ஜிம்னியில் 210 மில்லிமீட்டர். ஒரு சாணுக்குள் காம்பு கெட்டித் தரையில் முட்டினால் ஃபோர் லோ, இரண்டாவது கியரில் நிற்காமல் போகலாம். ஃபோர் லோவில் வேகம் ஜிம்னியில் பாதியாகவும் மஹிந்திரா தாரில் சுமார் 2.5-இல் ஒரு பங்காகவும் குறைந்து, அதே விகிதத்தில் இழுவை கூடுகிறது. முதல் கியரில் அந்த இழுவை அதிகப்படி, டயர் குழி பறிக்கும். காம்பு முட்டவே இல்லையென்றால் திரும்பிப் போவதுதான் வழி. கிரவுன் (ஆக்சில் நடுவே தொங்கும் கியர் உருண்டை) சேற்றில் உட்கார்ந்துவிட்டால் சக்கரம் நாலும் அந்தரத்தில் சுற்றும். தொளி உழவு போட்ட வயலுக்குள் ஜீப்பை இறக்குவது எந்த மோடிலும் மடத்தனம்.

சிக்கினால் தென்னமட்டைதான் நம்மூர் மருந்து. சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்து, மட்டையின் அடிப்பக்கம் டயரில் முட்டும்படி செருகி, ஃபோர் லோ ரிவர்ஸில் வந்த தடத்திலேயே வாருங்கள். சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து மறு சக்கரத்துக்கு இழுவை அனுப்பும் வசதி புது வண்டிகளில் உண்டு. அது வேலை செய்ய ஆக்சிலரேட்டரை விடாமல் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். விட்டு விட்டு மிதிப்பவருக்கு அது உதவாது.

கரையிலிருந்து ஆற்றுப் படுகைக்கு இறங்கும் சரிவில் ஃபோர் லோ முதல் கியர், இரண்டு காலையும் எடுத்துவிடுங்கள். இஞ்சினே நாலு சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். பாதிச் சரிவில் கிளட்ச் மிதித்தால் அந்தப் பிடி அத்தனையும் போச்சு.

கொள்ளிடத்து மணலில் முதலில் காற்றைக் குறையுங்கள்: 30 பிஎஸ்ஐ அளவில் இருப்பதை 18க்கு. 15க்குக் கீழே போய் வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஃபோர் ஹையில் வேகத்தைத் தளரவிடாமல் ஓட்டி, நிற்கும்போது பிரேக் மிதிக்காமல் தானாக நிற்கவிடுங்கள். மிதித்தால் டயருக்கு முன்னால் மணல் குவிந்து அதுவே தடுப்பாகிவிடும். தார் ஏறுமுன் காற்று அடித்தாக வேண்டும். கோடியக்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது சரணாலயம், வெளிமான்கள் மேயும் இடம். அங்கே மணலில் வண்டி ஏற்றிப் பழகாதீர்கள்.

டிராக்டருக்கும் இதே சட்டம்தான், இன்னும் கொஞ்சம் கடுமையாக. ஃபோர் வீல் டிராக்டரில் சின்ன முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சில சதவீதம் முந்திச் சுற்றும்படியே செய்திருப்பார்கள். வயலில் அது இழுத்துக் கொடுக்கும். நெல் மூட்டை ஏற்றித் தாரில் போகும்போது எடுக்காவிட்டால் முன் டயர் ஒரே போகத்தில் வழுவழுவென்று ஆகிவிடும். பின் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் டிஃப்ரன்ஷியல் லாக் பெடலை நேராகப் போகும்போது மட்டும் மிதியுங்கள். சேற்றில் புதைந்த டிராக்டரின் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. சக்கரம் சுற்ற முடியாதபோது வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டு பின்னால் மல்லாந்துவிடும்.

தண்ணீர் ஓடும் ரோட்டில் இறங்க, மஹிந்திரா தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் என்றும் ஜிம்னிக்கு 300 என்றும் கணக்கு இருக்கிறது. அது நிற்கும் தண்ணீருக்கு. இழுப்பு இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. இறங்குமுன் வண்டியைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் ஆக்சில் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் முழுதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டியதுதான்.

அப்படியே குனிந்து ஷாஃப்டையும் ஒரு பார்வை பாருங்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் ஷாஃப்ட் மூட்டான யூ ஜாயின்ட்டில் கயிறு மாதிரி சுற்றியிருக்கும். சைலன்ஸர் பக்கம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இஞ்சினை நிறுத்தி, ஆறியதும் அரிவாளால் அறுத்து எடுத்துவிடுங்கள்.