ரெகுலேட்டர்னு மட்டும் சொல்லிடாதீங்க

பாண்டிச்சேரில ஸ்கூபா டைவ் பண்ற வரைக்கும் இந்த தொல்லையே இல்ல. ஈசிஆர்ல போறோம், டிக்கில எல்லாத்தையும் தூக்கிப் போடுறோம், எடை பாக்க ஆள் கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. சொந்தமா டைவிங் செட் வாங்கிட்டு முதல் முறையா அத தூக்கிட்டு சென்னைல இருந்து போர்ட் பிளேருக்கு ஃப்ளைட் ஏறினேன் (2024ல இருந்து அது ஸ்ரீ விஜயபுரம், ஆனா எனக்கு இன்னும் வாய்ல போர்ட் பிளேர்னு தான் வருது). அப்ப தான் தெரிஞ்சுது, கடலுக்குள்ள இறங்குறது ஈஸி, செக்யூரிட்டி தாண்டுறது தான் டைவிங்.

ரெகுலேட்டர கேபின் பேக்ல வெச்சிருந்தேன். அது தான் தண்ணிக்குள்ள நமக்கு மூச்சு, சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துல இருக்குற காத்த வாய்ல இழுக்குற அளவுக்கு குறைச்சுக் குடுக்குற ஐட்டம், அத செக்-இன்ல போட்டு யாரோ தூக்கி எறிஞ்சு அடிபட்டுச்சுன்னா மனசே கேக்காது. ஆனா எக்ஸ்ரேல பாத்தா அது எப்டி இருக்கும்னு யோசிங்க. கெட்டியான பித்தளை கட்டி ஒண்ணு, அதுல இருந்து நாலு ஹோஸ், நுனில வட்டமா ரெண்டு டப்பா, இன்னொரு நுனில மீட்டர். பெல்ட் நின்னுச்சு, கொஞ்சம் பின்னாடி போச்சு, திரும்ப முன்னாடி வந்துச்சு, அப்புறம் என் பேக் மட்டும் தனி லைனுக்கு ஒதுங்குச்சு.

ஆபீசர் ஹிந்திக்காரர். "யே க்யா ஹை?" (இது என்ன?)

என் ஹிந்தி பத்தி கேக்காதீங்க. "ரெகுலேட்டர் சார், சிலிண்டர் மே லகானே கா", அதாவது சிலிண்டர்ல மாட்டுறது அப்டின்னு பெருமையா சொன்னேன். அவர் மூஞ்சி மாறுனது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. "சிலிண்டர் கஹாங் ஹை?" (சிலிண்டர் எங்க?) இல்ல சார், சிலிண்டர் நான் கொண்டு வரல, அங்க குடுப்பாங்கன்னு நான் சொல்ல, யார் குடுப்பாங்க, எதுக்கு குடுப்பாங்கன்னு அவர் கேக்க, பின்னாடி க்யூல நிக்குறவங்க எல்லாம் என்னையே பாக்க, ஏசிக்குள்ளயே வேர்த்துடுச்சு. அப்புறம் ஒரு தமிழ்க்கார மேடம் வந்து எட்டிப் பாத்துட்டு, "என்ன சார், கேஸ் அடுப்பு சாமானா?"ன்னாங்க. நம்ம ஊர்ல ரெகுலேட்டர்னா ஒண்ணு ஃபேனு, இல்லன்னா இண்டேன். அவங்கள குத்தம் சொல்லவே முடியாது. நான் மவுத்பீஸ வாய்ல வெச்சு புஸ் புஸ்னு மூச்சு விட்டுக் காமிச்சு, போன்ல என் டைவிங் போட்டோவும் காமிச்சேன். சிரிச்சுட்டு "கடலுக்குள்ள மூச்சு விடுறதுன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன"ன்னாங்க. அவ்ளோ தான், விட்டுட்டாங்க.

அதனால ரெகுலேட்டர், சிலிண்டர், டேங்க், கேஸ், இந்த வார்த்தை எதுவும் வேணாம். "ஸ்கூபா டைவிங், கடல்ல மூச்சு விடுற மாஸ்க் மாதிரி"ன்னு சொல்லுங்க. பேக்குக்கு அடில பொதைக்காம லேப்டாப் மாதிரி தனி ட்ரேல வெச்சிருங்க, போன்ல ஒரு போட்டோ ரெடியா இருக்கட்டும். அடுத்த தடவ இப்டி தான் போனேன், ஒருத்தர் நிமிர்ந்து கூட பாக்கல.

ஆனா அந்த முதல் தடவ கதை அதோட முடியல. டைவ் கம்ப்யூட்டரையும் (ஆழம், நேரம் காட்டுற வாட்ச் மாதிரி ஒண்ணு) கேபின்ல வெச்சிருந்தேன், அதோட ஸ்ட்ராப்ல குட்டியா ஒரு லைன் கட்டர் மாட்டி வெச்சிருந்தத சுத்தமா மறந்துட்டேன். மீன்வலைல சிக்குனா அறுக்குறதுக்கு, உள்ள ரெண்டு பிளேடு இருக்கும். மேடம் அத திருப்பிப் பாத்தாங்க, பிளேடு தெரிஞ்சுது, அவ்ளோ தான், டப்பாக்குள்ள போய்டுச்சு. என் தப்பு தான். கத்தி, கட்டர், ஆலன் கீ, ஸ்பேனர் எல்லாம் செக்-இன்ல போட வேண்டிய சாமான்னு ஊருக்கே சொன்னவன் நான்.

உண்மையிலயே பயப்பட வேண்டியது டார்ச்சுக்கு. சாதா டார்ச் இல்ல இது, தண்ணி தான் அத கூல் பண்ணும்னு நம்பி செஞ்சது, பைக்குள்ள தெரியாம ஸ்விட்ச் அழுந்தி எரிய ஆரம்பிச்சா பக்கத்துல இருக்குற துணி கருகுற அளவுக்கு சூடாகும். விமான விதிகள்லயே டைவிங் லேம்ப்ப தனியா பேர் சொல்லி வெச்சிருக்காங்க, பேட்டரிய கழட்டி வெச்சு தான் கொண்டு போகணும். கழட்டுன லித்தியம் பேட்டரி செக்-இன்ல போகவே கூடாது, கேபின்ல தான், அதுவும் ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, இல்ல பிளாஸ்டிக் டப்பால போட்டு. ஒண்ணு 100 வாட் ஹவர் தாண்டுனா ஏர்லைன் கிட்ட பர்மிஷன் வாங்கணும், ஆனா நம்ம டார்ச்சுக்கு அந்த கவலை இல்ல, 3.6 வோல்ட், 5000 எம்ஏஹெச் செல்லுனா வெறும் 18 தான் வரும். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க்கே 74 தான்.

சிலிண்டர் கொண்டு போகலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. வால்வ கழட்டி உள்ள காலியா இருக்குன்னு காமிச்சா சில நாட்டுல விடுறாங்க, ஆனா எதுக்குங்க? அலுமினியம் சிலிண்டர் காலியாவே 14 கிலோ. உள்நாட்டு ஃப்ளைட்ல பெரும்பாலும் 15 கிலோ தான் ஃப்ரீ, மிச்சம் ஒரு கிலோவுக்கு ஜட்டி பனியன் எடுத்துட்டு போலாம். தண்ணிக்குள்ள மூழ்குறதுக்கு கட்டிக்கிற ஈய வெயிட்டும் அப்டியே, டைவ் ஷாப்லயே குடுப்பாங்க. பிசிடி (காத்து அடைச்சு மிதக்க வைக்கிற ஜாக்கெட்), ஃபின்ஸ் (கால்ல மாட்டுற துடுப்பு), வெட்சூட் (ரப்பர் டிரஸ்), அப்புறம் அந்த கத்தி, ஸ்பேனர் சாமான், இது மட்டும் செக்-இன், மத்ததெல்லாம் தோள்ல.

திரும்பி வர்றப்ப வேற மாதிரி. கடைசி டைவ் முடிச்ச கையோட ஃப்ளைட் ஏறக்கூடாது, பறக்குறப்ப கேபினுக்குள்ள காத்தழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல இருக்குற மாதிரி குறையும், உடம்புல கரைஞ்சிருக்குற நைட்ரஜன் குமிழ் கட்டும். ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், நாள் கணக்குல டைவ் பண்ணிருந்தா 18 மணி நேரம் இடைவெளி விடணும்னு டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்னு டைவிங் பாதுகாப்பு அமைப்பு ஒண்ணு சொல்லுது. நான் ஒரு நாள் முழுசா ஹேவ்லாக் தீவுல சும்மா உக்காந்து மீன் சாப்ட்டேன், அதுக்கும் ஒரு பிரயோஜனம் இருந்துச்சு, வெட்சூட் காஞ்சுது. ஈரமா மடிச்சு வெச்சா ஒரு ரெண்டு கிலோ கூடும், அதுக்கு கவுண்டர்ல எக்ஸ்ட்ரா காசு வாங்கிடுவாங்க.

போர்ட் பிளேர் ஸ்கேனர்ல என் ரெகுலேட்டர யாரும் கண்டுக்கல, அங்க அவங்களுக்கு இது தினப்படி பாக்குற சாமான். அவங்க தேடுறதே வேற. எனக்கு முன்னாடி ஒரு குடும்பம், குழந்தை பீச்ல பொறுக்குன பவளத்துண்ட பேக்ல வெச்சிருக்கு, வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வர்றது அது, செத்துக் கரை ஒதுங்குனதா இருந்தாலும் எடுக்கக் கூடாது. பாப்பா ஒரே அழுகை, அப்பா கெஞ்சுறாரு, ஆபீசர் மூஞ்சிய திருப்பிக்கிட்டு எடுத்து வெச்சுட்டாரு. என் லைன் கட்டர் போனப்ப எனக்கும் கிட்டத்தட்ட அப்டி தான் இருந்துச்சு. புதுசு ஆர்டர் போட்டுட்டேன், இந்த தடவ பிசிடிலயே மாட்டிட்டேன்.