வலிக்கவே இல்லையே, டாக்டரம்மா

அந்த நாகசுரக்காரர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபோது ஈறு நன்றாகத்தான் இருந்தது. வீக்கம் இல்லை, சீழ் இல்லை, சிவப்புகூட இல்லை. தை மாதம் அவருடைய மேல் முன்பல் இருந்த இடத்தில் எலும்புக்குள், செயற்கைப் பல்லைத் தாங்கும் டைட்டானியம் திருகு ஒன்றை, அதாவது இம்ப்ளாண்டை, வைத்து, ஈறால் மூடித் தையல் போட்டிருந்தேன். இப்போது வைகாசி. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைச் சின்னதாகக் கீறி, திருகின் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றத் திருப்பினேன். மூடி கழலவில்லை. மூடியோடு சேர்ந்து திருகே சுற்றியது.

கையில் அது சுற்றுவது தெரிந்த அந்த நொடியை இம்ப்ளாண்ட் வைக்கும் எந்தப் பல் மருத்துவரும் மறக்க மாட்டார். எலும்பு பிடித்திருந்தால் அது அசையாது, சுவரில் அறைந்த ஆணி மாதிரி நிற்கும். சுற்றினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

"இந்த நாலு மாசத்துல எப்பவாவது வலிச்சுதாய்யா?"

"வலிக்கவே இல்லையே, டாக்டரம்மா. அடுத்த முகூர்த்தத்துக்குள்ள பல்லு வச்சிடலாம்ல?"

கும்பகோணத்தில் பதினாறு வருடமாகப் பல் பார்க்கிறேன். பிடிக்காமல் போன இம்ப்ளாண்ட்கள் எல்லாவற்றையும் ஒரு தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பக்கங்களில் "வலி இல்லை" என்ற சொல் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அந்தச் சொல்லுக்காகத்தான்.

டைட்டானியம் எலும்போடு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதை 1952இல் சுவீடனில் பெர்-இங்வார் பிரோன்மார்க் முயலின் எலும்பை ஆராய்ந்தபோதுதான் கவனித்தார். ரத்த ஓட்டத்தைப் பார்க்க வைத்த டைட்டானியக் கருவியை ஆய்வு முடிந்ததும் எடுக்கப் போனால், எலும்பு விடவில்லை. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை அதிலேயே மென்று சாப்பிட்டார், நாற்பது வருடம். இப்போது நாங்கள் வைப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பத்து வருடம் தாண்டி நிற்கிறது. நல்ல கணக்குதான். ஆனால் மிச்சம் இருக்கும் அந்தச் சில பேர், கணக்காக வருவதில்லை. பேர் சொல்லி, ஊர் சொல்லி, கையில் பையோடு வருகிறார்கள்.

நாகசுரக்காரருடைய திருகை விரலாலேயே வெளியே எடுத்தேன். அதைச் சுற்றி எலும்புக்குப் பதிலாக மெல்லிய சதை வளர்ந்திருந்தது. திருகு வைத்த முதல் சில வாரங்களில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆடினாலே போதும், எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார்ச்சதை வளர்ந்துவிடும். அது அப்புறம் எலும்பாக மாறாது.

அன்று இரவு அவருடைய குறிப்பை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். துளை போடும்போது எலும்பு சூடாகிவிட்டதா? 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புச் செல்கள் சாக ஆரம்பிக்கும். அதனால் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே துளைப்போம். அதில் குறை இல்லை. வைத்த அன்று பிடிமானம் 35 நியூட்டன் சென்டிமீட்டர் காட்டியது. அதுவும் சரி. கிருமி ஏறிய அடையாளம் இல்லை. சுகர் இல்லை, பீடி சிகரெட் இல்லை. எல்லாம் சரியாக இருந்து திருகு மட்டும் எப்படி ஆடியது?

மறுநாள் போன் செய்து, "ஐயா, இந்த நாலு மாசமும் வாசிச்சீங்களா?" என்று கேட்டேன்.

வாசித்திருக்கிறார். மாசி, பங்குனி, சித்திரை முழுக்க முகூர்த்தம். நடுவில் கோயில் திருவிழா. சாமி புறப்பாடு என்றால் இரவு நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம். நாகசுரத்தின் ஊதுமுனையான, திருவாவடுதுறையில் செய்யும் சீவாளியை உதடுகள் கவ்விப் பிடிக்கும். உதட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுப்பது முன்பற்கள். பல் இல்லாமல் வாசிக்க முடியாது என்று அவர் முதல் நாளே சொன்னதால், கழற்றி மாட்டும் பல் ஒன்றை நானே செய்து கொடுத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டுதான் வாசித்திருக்கிறார். அந்தப் பல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஈறில் உட்காரும் பக்கம் நேராகத் திருகின் தலைமேல் படுகிற மாதிரி இருந்தது. அந்த இடத்தை நான் குடைந்து, தொடாமல் நிற்கும்படி விட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. அவர் ஒவ்வொரு முறை மூச்சைக் கட்டி ஊதும்போதும், நான் செய்து கொடுத்த பல்லே நான் வைத்த திருகை அழுத்தியிருக்கிறது.

அவரை வரச் சொல்லி, "தப்பு என்னோடதுய்யா. உங்க தொழில் என்னன்னு கேட்டேன், அது எப்படி நடக்குதுன்னு கேக்கலை" என்றேன். நோயாளியிடம் இப்படிச் சொல்வது சரியா என்று என்னோடு படித்தவர்கள் கேட்டதுண்டு. சொல்லாமல் இரண்டாவது முறை அவர் வாயில் கை வைக்க எனக்கு மனசு வராது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சீவாளியும் நாலஞ்சு வீணாப் போய்த்தாம்மா ஒண்ணு அமையும்" என்றார். அவருடைய பெருந்தன்மை அது. அதைக் கேட்டு நான் லேசாகிவிடவில்லை. பருவ வருமானத்தில் ஒரு பங்கை என்னிடம் கொடுத்திருந்த மனிதர் அவர். திரும்ப வைப்பதற்குக் காசு வாங்கவில்லை. அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எலும்புத்தூள் வைத்து, மேலே ஒரு சவ்வு போட்டுத் தைத்தேன். அன்றிலிருந்து தற்காலிகப் பல்லை ஈறின்மேல் உட்கார வைக்காமல், பக்கத்துப் பற்களின் பின்பக்கம் ஒட்டிவிட்டேன். நான்கு மாதம் காத்திருந்து, கல்யாணம் குறைந்த புரட்டாசியில் முன்பைவிடச் சற்று அகலமான திருகு வைத்தேன். அதே இடத்தில் இரண்டாம் தடவை வைக்கும்போது பிடிக்கும் வாய்ப்பு முதல் தடவையைவிடக் கொஞ்சம் குறைவு. அதையும் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். மேல்தாடை எலும்பு கீழ்த்தாடையைவிட மென்மையானது, அவசரப்படக் கூடாது. அதனால் ஆறு மாதம் விட்டுப் பங்குனியில் திறந்தேன். மூடி தனியாகக் கழன்று வந்தது. அது கழலும்போது வரும் சின்னச் சத்தத்தைக் கேட்டு என் உதவியாளர் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இது சீக்கிரமே பிடிக்காமல் போன கதை. வருடங்கள் கழித்துக் கெடுவது வேறு மாதிரி. எனக்கு அதிக பயம் அதில்தான்.

ஆடுதுறைப் பக்கத்து விவசாயி ஒருவர். சம்பா அறுத்துக் கையில் பணம் வந்த ஒரு மாசியில், கீழ்க் கடைவாயில் இரண்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டார். நன்றாகப் பிடித்து, மூன்றரை மாதத்தில் கேப் போட்டோம். அப்போது மேட்டூர் திறந்துவிட்டார்கள், குறுவை வேலை. "ஆறு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டணும்" என்றேன். தலையாட்டினார். திரும்பி வந்தது நான்கு வருடம் கழித்து. அதுவும் தனக்காக இல்லை, பேத்தியின் பல்லைக் காட்ட. வந்த இடத்தில், "வாய் கொஞ்சம் நாறுதுன்னு வீட்டுல சொல்றாங்க, நீயும் பாத்துடும்மா" என்றார்.

ஈறு ஊதா கலந்த சிவப்பாக இருந்தது. மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் திருகுக்கும் இடையில் லேசாக விட்டேன். எட்டு மில்லிமீட்டர் இறங்கியது, கூடவே ரத்தம். ஈறை விரலால் அழுத்தினால் சீழ். எக்ஸ்ரேயில் பின்னால் இருந்த திருகைச் சுற்றி எலும்பு கிண்ணம் போலக் குழிந்து, மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. முன்னால் இருந்ததில் மூன்று மில்லிமீட்டர் போயிருந்தது.

"ஆடவே இல்லையேம்மா. நல்லா மெல்றேனே. வலியும் இல்லை!"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்குள் ஒரு நார்ப் படுகை இருக்கிறது. சோற்றில் கிடக்கும் கல் கடிபட்டதும் சுருக்கென்று தெரிவது அதனால்தான். பல் நோய்ப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஆட ஆரம்பிப்பதும் அதனால். இம்ப்ளாண்டுக்கு அந்தப் படுகை கிடையாது, நேராக எலும்பைப் பிடித்து நிற்கிறது. மேலே எவ்வளவு எலும்பு கரைந்தாலும் அடியில் கொஞ்சம் பிடித்திருக்கும்வரை ஆடாது. ஆட ஆரம்பிக்கும்போது காப்பாற்ற ஒன்றும் மிச்சமிருக்காது. ஆகவே ஆட்டத்துக்காகவோ வலிக்காகவோ காத்திருந்தால் ஏமாந்துபோவோம். அதற்கு வெகு முன்னால் வருகிற அடையாளங்கள் சின்னவை. பல் தேய்க்கும்போது ரத்தம், ஈறில் தடிப்பு, வாய் நாற்றம், காலையில் ஒரு கெட்ட ருசி, ஈறு இறங்கி உலோகம் கோடாகத் தெரிவது. ஈறு மட்டும் வீங்கிய கட்டத்தில் வந்தால் சுத்தம் செய்தே பழையபடி ஆக்கிவிடலாம். எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் இழந்ததை முழுசாக மீட்பது கடினம், மேலே போகாமல் நிறுத்தத்தான் போராடுகிறோம்.

அவருக்கு ஏன் இப்படி ஆனது? மூன்று மாத சுகர் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன், 9.8 வந்தது. இம்ப்ளாண்ட் வைத்த வருடம் 6.9 இருந்தவர். நடுவில் மாத்திரையை விட்டுவிட்டார். வெற்றிலை சீவலோடு புகையிலையும் சேர்ந்திருந்தது. முதல் நாள் "பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டதற்கு இல்லை என்றுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வெற்றிலை போடுவதை யாரும் பழக்கம் என்று எண்ணுவதில்லை, அது சாப்பாட்டின் கடைசிப் பகுதி. இப்போதெல்லாம் "வெத்தலை போடுவீங்களா, அதுல புகையிலை உண்டா?" என்று தனித்தனியாகக் கேட்கிறேன். அதேபோல "எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றும் கேட்கிறேன். எலும்பு கரைவதைத் தடுக்கும் சில மாத்திரைகளும் ஊசிகளும் தாடை எலும்பு ஆறுவதையே பாதிக்கும். மாத்திரைச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நான் இப்போது தேதி கொடுப்பதில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஈறைத் திறந்து பார்த்தபோது முன்பக்கத் திருகின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. நான்கு வருடத்துக்கு முன் கேப் ஒட்டும்போது வழிந்து ஈறுக்குள் போன சிமெண்ட். கடுகளவுதான். அதன்மேல் கிருமி குடியேற அது போதும். நோட்டில் அதையும் எழுதினேன். இப்போது முடிந்தவரை ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு முடுக்கும் கேப்பாகவே கொடுக்கிறேன்.

பின்னால் இருந்ததை எடுத்துவிடலாம் என்றேன். வீங்கும் போதெல்லாம் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டிருக்கிறார். வீக்கம் வடியும், சாப்பிடுவார், மறந்துவிடுவார். திருகின் மரைகளில் ஒட்டியிருக்கும் அழுக்குப் படலத்தை மாத்திரை மட்டும் போக்காது. கையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். "நாலு வருஷம் நல்லா இருந்ததை ஏன் புடுங்கணும்?" என்றார் அவருடைய மகன், கோபமாகவே. நியாயமான கோபம். எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்து, இதை விட்டால் முன்னால் இருப்பதும் போகும், கீழே ஓடும் நரம்பை நெருங்கிவிட்டால் எடுப்பதும் கஷ்டம் என்று காட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. அவசரமாக முடிக்கும் பேச்சில்லை இது.

எதிர்ப்பக்கமாகத் திருப்பும் கருவியால் பின் திருகை எடுத்தேன். முன்னால் இருந்ததன் ஈறை விலக்கி, மரைமரையாகத் துலக்கி, உப்புநீரால் கழுவித் தைத்தேன். எடுத்த இடத்தில் வேறு வைக்கவில்லை. அது ஏழாம் பல், அது இல்லாமலும் நன்றாக மெல்லலாம். கெட்டுப்போன ஒவ்வொன்றுக்கும் பதில் இன்னொரு இம்ப்ளாண்டாகவே இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. சிலருக்குப் பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் போதும், சிலருக்குக் கழற்றி மாட்டும் பல்லே நல்லது.

ஒரு சமயம் மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா கண்ணீரோடு வந்தார். வேறொரு இடத்தில் வைத்த பல் ஆடுகிறது, எல்லாம் போச்சு என்று. எக்ஸ்ரேயில் எலும்பு முழுசாக இருந்தது. ஆடியது கேப்பை இணைக்கும் உள் ஸ்க்ரூ மட்டும். முடுக்கினால் முடிந்தது. ஆனால் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்ற சீட்டு அவரிடம் இல்லை. பொருந்துகிற திருப்புளியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதிலிருந்து என்னிடம் வைத்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் கம்பெனி, அளவு, தேதி எழுதிய அட்டையைக் கொடுத்து, போனில் படம் எடுத்து வைக்கவும் சொல்கிறேன்.

நோயாளி வரவில்லை என்று குறைசொல்வதை விட்டுவிட்டேன். நடவு நேரத்தில் யார் வருவார்கள்? நாலு மணிக்குத் தண்ணீர் முறை என்றால் என்னுடைய நாலு மணி அப்பாயின்மென்ட் எம்மாத்திரம்? இப்போது அக்காவின் நோட்டில் மறுபரிசோதனை ஆங்கில மாதத்தில் இல்லை. "சம்பா அறுத்த பிறகு", "ஆடி கழிந்து", "முகூர்த்தம் இல்லாத வாரம்" என்று இருக்கிறது. அந்த நேரம் வந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம். வந்தால் பத்து நிமிட வேலைதான். ஈறைச் சுற்றி அளவெடுத்து, சுத்தம் செய்து, வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே. முதல் வருடத்தில் எலும்பு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குவது இயல்பு. அதற்கப்புறம் வருடத்துக்கு 0.2 மில்லிமீட்டரைத் தாண்டினால் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆடுதுறை ஐயா இப்போது ஒவ்வொரு மாசியும் வருகிறார். சுகர் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து எடுத்துவருகிறார். புகையிலையை விட்டுவிட்டார், வெற்றிலையை விடவில்லை. நாற்காலியில் ஏறியதும் நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்கிறார்:

"வலியெல்லாம் இல்லைம்மா. நீ குத்திப் பாத்து, ரத்தம் வருதா இல்லையான்னு சொல்லு."