மூன்று ஷாக், ஒரே தடம்: கடைசியில் ரூடி

ஹெசரகட்டா பக்கத்து வரிவரியான மண்தடத்தில், பிரேக்கை விடாமலேயே வளைவு எடுக்க முடிகிறது. முன்சக்கரம் துள்ளவில்லை. ராக்‌ஷாக்ஸ் ரூடி மாட்டியாகிவிட்டது: சரளைச் சாலை சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடிக்கும், 30 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க். அந்தக் குஷியில்தான் இதை எழுதுகிறேன்.

களத்தில் மூன்று இருந்தன: ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் டைவர்ஜ் சைக்கிளில் வரும் ஃப்யூச்சர் ஷாக், ஐஸ்லாந்தின் லாஃப் கம்பெனி செய்யும் இலைவில் (லீஃப் ஸ்பிரிங்) ஃபோர்க், பிறகு இந்த ரூடி. முதல் இரண்டையும் இரவல் வாங்கி, ஒரே டயர் காற்றழுத்தத்தில், ஒரே தடத்தில் ஓட்டிப் பார்த்தேன். டயரில் ஐந்து பிஎஸ்ஐ கூடக் குறைய இருந்தாலே ஒப்பீடு வீண்.

எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஃப்யூச்சர் ஷாக் இருப்பது ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்முக்கு அடியில். அதன் 20 மி.மீ. அசைவு முழுவதும் கைகளுக்கே. சக்கரம் எப்போதும்போல அடிவாங்கிக்கொண்டுதான் போகும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்காது என்பது பெரிய வசதி. எலஹங்கா தாண்டி நந்தி மலை வரை தாரும் வேகத்தடையுமாகப் போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். என் தொல்லை மணிக்கட்டு வலி அல்ல, சரளை வளைவில் டயர் பிடி விடுவது.

இலைவில்லின் மீது எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. சீல் கிடையாது, ஆயில் கிடையாது, உரசும் குழாய் கிடையாது. பொடிச் சரளைக்கும் உடனே அசைகிறது. ரூடி மாதிரி குழாய்க்குள் குழாய் இறங்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கோ முதலில் சீலின் உரசலை வென்றாக வேண்டும். செம்மண் தூசியும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் துள்ளலை அடக்கும் டேம்பர் இல்லை. கொஞ்சம் பெரிய கல்லில் ஏறினால் வாங்கிய உதையை அப்படியே திருப்பித் தருகிறது. எழுந்து நின்று மிதித்தால் ஊஞ்சல்தான்.

ரூடி வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் பொழுது போதாது. கடைக்காரர் ‘அடுத்த வாரம்’ என்றே காலத்தை ஓட்டினார். அல்சூர் மெக்கானிக் அண்ணன் மட்டும் இல்லையென்றால் அது இன்னும் பெட்டியில்தான் கிடந்திருக்கும். ஃபோர்க்கின் கழுத்தில் பேரிங் உட்காரும் வளையமான கிரவுன் ரேஸை பிவிசி குழாய் வைத்துத் தட்டி, சத்தம் மாறுவதைக் காதால் கேட்டே உட்கார்ந்துவிட்டது என்றார். பழைய கார்பன் ஃபோர்க்கின் உள்ளே ஓடிய பிரேக் ஹோஸ் இப்போது வெளியே வருகிறது, அதனால் பிரேக் ஆயிலிலிருந்து காற்றை எடுக்கும் பிளீடிங் செலவும் சேர்ந்தது. உங்கள் ஃப்ரேம் சஸ்பென்ஷனைக் கணக்கில் வைத்து வரைந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் 30 மி.மீ. உயர்ந்து, ஹெட் கோணம் (ஃபோர்க்கைத் தாங்கும் முன்குழாயின் சாய்வு) சுமார் ஒன்றரை பாகை படுத்துவிடும். ஏற்றத்தில் ஹேண்டில் அலையும்.

உயிரை எடுத்தது காற்று: ரூடிக்குள் ஸ்பிரிங்கே காற்றுதான். ஃபோர்க் காலில் ஒட்டியுள்ள காற்றழுத்த அட்டவணை ஆரம்பப் புள்ளிதான். கொஞ்சம் ஏற்றிவிட்டு ஃபோர்க்கை மெதுவாக நாலைந்து முறை அமுக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் எதிர்ப்பக்கம் தள்ளும் நெகடிவ் அறைக்கும் காற்று போய்ச் சமன் ஆகும். அமுக்கியதும் பம்ப் முள் இறங்கும், மறுபடி ஏற்ற வேண்டும். கழற்றும்போது வரும் ‘புஸ்’ ஹோஸில் மிஞ்சிய காற்று, ஃபோர்க் காற்று அல்ல. அதற்குப் பயந்து கூடுதலாக ஏற்றாதீர்கள். பிறகு சேக், அதாவது நம் எடைக்கே ஃபோர்க் இறங்கும் அளவு: 30-ல் கால்பங்கு என்றால் ஏழரை மி.மீ. ரப்பர் வளையத்தை சீலோடு ஒட்டவைத்து, சுவரில் முழங்கையைச் சாய்த்து, பிரேக் லீவரின் ரப்பர் பிடியான ஹூட்ஸில் கைவைத்து அசையாமல் உட்கார வேண்டும். இறங்கும்போது கொஞ்சம் குலுங்கினாலும் வளையம் பொய் சொல்லும். தண்ணீர்ப் பைகள் மாட்டினால் மறுபடி முதலிலிருந்து.

ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் லாக்கவுட்டைத் தொடுவதே இல்லை. ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகம், இன்னும் படியவில்லை: ஒரு கிளிக் வேகமானால் கை உதறுகிறது, மெதுவானால் வரிமண்ணில் ஃபோர்க் அமுங்கியே கிடக்கிறது. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்குச் செய்யும் லோயர் சர்வீஸுக்கு ஆயிலும் ஃபோம் வளையமும் இப்போதே தேடிக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் பின்பக்கத்துக்கு ரெட்ஷிஃப்ட் கம்பெனியின் ஸ்பிரிங் சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) மேல் கண் விழுந்துவிட்டது, 35 மி.மீ. அசைவு. தளி, தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி வரை போவதற்குள் மாட்டிவிட வேண்டும். பெங்களூரில் யாராவது அதை 27.2 மி.மீ. விட்டத்தில் விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.