அழகர் ஆற்றில் இறங்கும்போது அப்லிங்க் வண்டி

சித்ரா பௌர்ணமி விடியலில், கள்ளழகர் வைகையில் இறங்கும் மதுரை ஆழ்வார்புரம் பக்கம் செல்போன் டவர்கள் திணறிவிடும். டிவி நேரலைக்குச் சிம்கார்டை நம்பும் பேக்பேக் கருவி படத்தைத் திக்கித் திக்கித்தான் அனுப்பும். அங்கே கைகொடுப்பது, படத்தை நேரே செயற்கைக்கோளுக்கு ஏற்றும் டிஷ் வைத்த அப்லிங்க் வண்டி.

இடம் பிடிக்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் ஜிசாட்-30 செயற்கைக்கோள், மதுரையிலிருந்து ஏறக்குறைய 77 பாகை உயரத்தில், தெற்கிலிருந்து சற்றே கிழக்காக இருக்கிறது. எதிர்வீட்டு மாடி மறைக்காது. பந்தலும் வேப்பங்கிளையும் மறைக்கும். இவ்வளவு செங்குத்தாகப் பார்க்கையில் திசை 1 பாகை பிசகினாலும் வானத்தில் கால் பாகைகூட விலகாது. ஏற்றக் கோணம் (மேல்நோக்கிய சாய்வு) பிசகினால் அப்படியே முழுசாக விலகும். 1.2 மீட்டர் டிஷ்ஷுக்குக் கேயூ பேண்ட் அலைவரிசையில், அது அனுப்பும் கற்றையின் அகலமே சுமார் 1¼ பாகைதான். அதனால் வண்டி மட்டமாக நிற்பதுதான் உயிர். வைகை மணலில் ஜாக்கி புதையும்: முன்னுக்கும் பின்னுக்கும் 3 மீட்டர் இடைவெளி என்றால், முன் ஜாக்கிகள் 3 சென்டிமீட்டர் இறங்கியதுமே அரைப் பாகைக்கு மேல் சாய்ந்துவிடும். அடியில் கனமான பலகை கொடுங்கள். கூட்டம் சேர்ந்தபின் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

செயற்கைக்கோள் அனுப்பும் அடையாள சிக்னலான பீக்கனைப் பிடித்து உச்சத்துக்குக் கொண்டுவந்தபின், டிஷ்ஷுக்கு முன்னால் இருக்கும் அலைக்குழாயான ஃபீடை ஏறக்குறைய 26 பாகை திருப்ப வேண்டும். இதில் அவசரப்பட்டால் எதிர் போலரைசேஷனில் (அலை அதிரும் திசை) ஓடும் அடுத்தவர் சேனலைக் கெடுப்போம். செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, மாடுலேஷன் இல்லாத, அதாவது படமோ ஒலியோ ஏற்றாத, வெறும் கேரியர் அலையைக் குறைந்த பவரில் ஏற்றி, அவர்கள் சரி சொன்னபின்தான் படம். டியூப் ஆம்ப்ளிஃபயர் என்றால் சூடேறச் சில நிமிடம் பிடிக்கும். கடைசி நேரத்தில் போடாதீர்கள்.

குரல் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிக்னல் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கக் கால் விநாடி, படத்தைச் சுருக்கும் என்கோடர், அதை விரிக்கும் டிகோடர் தாமதம் சேர்ந்தால் ஒரு விநாடியைத் தாண்டும். ஸ்டுடியோ அனுப்பும் ஒலியில் களத்துக் குரலும் கலந்திருந்தால், செய்தியாளர் தன் பேச்சையே தாமதமாகக் காதில் கேட்டுத் தடுமாறுவார். அவர் குரலைக் கழித்த மிக்ஸ்-மைனஸ் ஒலிதான் வர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, நேரலைக்கு முன்பே பேசிப் பாருங்கள். ஸ்டுடியோவோடு பேசும் டாக்பேக் இணைப்பைச் செல்போனில் வைக்க வேண்டாம். படத்துக்கே தடுமாறும் நெட்வொர்க் அது. விசாட் (சிறு டிஷ் வழிச் செயற்கைக்கோள் இணைப்பு) வழியாக 64 கிலோபிட் இருந்தாலே தெளிவாகப் பேசலாம்.

கோடை மழை வந்தால் அலையில் பிட்டுகளை ஏற்றும் முறையை 8பிஎஸ்கே 3/4-லிருந்து, குறைவாக ஏற்றும் க்யூபிஎஸ்கே 3/4-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 4 டெசிபல் கூடுதல் சிக்னல் இழப்பைத் தாங்கும். பிட்ரேட் மூன்றில் ஒரு பங்கு குறையும். என்கோடரிலும் அதற்கேற்பக் குறைக்க மறக்கக் கூடாது.

வானம் வெளுத்திருந்தும் சிக்னல் சரிந்தால் ஃபீடைப் பாருங்கள். பக்தர்கள் துருத்தியால் பீய்ச்சும் தண்ணீர் ஃபீடின் வாயில் படலமாக ஒட்டியிருக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ஆனால் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தாமல் கூரையில் ஏறாதீர்கள். அழகரைப் பார்க்க ஏறும் பிள்ளைகளையும் ஏற விடாமல் பார்க்க ஏணிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.