18-ஆம் நூற்றாண்டுப் படைக்குத் தானியம் கொண்டுவர யாரைப் பரிந்துரைப்பது?

1791 மே மாதம் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போன ஆங்கிலேயப் படைத் தலைவர் காரன்வாலிஸைத் திருப்பி அனுப்பியது பட்டினி. அரகெரே சண்டையில் கை ஓங்கியும், இழுவை மாடுகள் செத்து விழுந்ததால் முற்றுகைப் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப்போட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார்கள்.

பொதிமாடுகளில் தானியம் ஏற்றி வந்து விற்ற இலம்பாடி வணிகர்களின் அருமை அப்போதுதான் உறைத்தது. அவர்களைப் படையோடு இணைத்ததில் கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் பாராமகாலின் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) கலெக்டரானாரே, அதே ரீடு.

கணக்கைப் பாருங்கள். படையோடு கூடவரும் கூட்டத்தையும் சேர்த்து 50,000 வயிறு என்று வைப்போம். ஆளுக்கு 700 கிராம் என்றால் நாளுக்கு 35,000 கிலோ. ஒரு பொதிமாடு சுமார் 70 கிலோ சுமக்கும். அதாவது தினம் 500 மாட்டுப் பொதி! எந்த அரசு அலுவலகக் குமாஸ்தாவாலும் இதைத் திரட்ட முடியாது. தண்டாக்களை, அதாவது இலம்பாடிகளின் பொதிமாட்டுக் கூட்டங்களை, கையில் வைத்திருக்கும் அவர்கள் தலைவரான நாயக்கால் முடியும். எந்த ஏரியில் தண்ணீர், எங்கே மேய்ச்சல், எந்த ஊரில் நெல் மிச்சம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பரிந்துரைப்பவர் அந்த நாயக்கின் செல்வத்தை எழுதினால் போதாது. எத்தனை மாடு, எத்தனை தண்டா அவர் சொல் கேட்கும், எந்த வழியில் வருவார் என்று எழுத வேண்டும். பொதி உரசி முதுகில் புண் வந்த மாடு பல நாள் சுமக்காது. ஆகவே உபரி மாடும் கேட்க வேண்டும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் முகாமில்தான். விலையை அதிகாரி அடித்துக் குறைத்தாலோ, பீரங்கி இழுக்க அவர் மாட்டைப் பிடுங்கினாலோ, அடுத்த தண்டா அந்தப் பக்கமே வராது.