யாரைக் கூப்பிடுவது

"அப்ப நான் எங்கை போய்ப் பழகிறது, அண்ணா?"

அந்தப் பிள்ளை இதைக் கோபமாகக் கேட்கவில்லை. வழி விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள். "கொஞ்சம் பழகிக்கொண்டு வாங்கோ, பிறகு பார்ப்பம்" என்று நான் சொன்னதற்கு வந்த கேள்வி அது. யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் திருவிழா நேரலைக்கு எங்களுக்கு ஒரு கமரா உதவியாளர் தேவைப்பட்ட நேரம், அந்த வேலை கேட்டு வந்திருந்தாள். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்துத் திரிந்த ஒரு பெடியனை எடுத்துவிட்டேன்.

காரணம் இருந்தது. கோயிலுக்குள்ளே கமராவுக்கு இடமில்லை, எல்லாம் வெளிவீதியில்தான். 24ஆம் நாள் தேருக்கு வரும் சனத்துக்குள் வயர் இழுக்க வேண்டும். அதைச் சுற்றும்போது ஒரு சுற்று மேலாக, அடுத்தது கீழாக வர வேண்டும். முழங்கையில் கயிறு சுற்றுவதுபோலச் சுற்றினால் உள்ளே கம்பி முறுகி, என்றோ ஒருநாள் நேரலை நடுவில் படம் போய்விடும். பதிந்து முடித்த மெமரி கார்டின் பூட்டைத் தள்ளிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் யாராவது அதையே எடுத்து அழித்துவிடுவார்கள். பெடியனுக்கு இதெல்லாம் கைப்பழக்கம்.

அவள் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை முடித்தவள். குருநகரில் வலை பொத்தும் பெண்களைப் பற்றி எடுத்த சின்ன ஆவணப்படத்தைக் கொண்டுவந்திருந்தாள். கடற்கரைக் காற்றிலும் குரல்கள் தெளிவாக இருந்தன. எப்படி என்று கேட்டேன். மைக்கைச் சேலை மடிப்புக்குள் ஒட்டி, மேலே பஞ்சு வைத்தாளாம். இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த இடத்திலேயே "வாங்கோ" என்று சொல்லியிருக்கலாம்.

தேரன்று விடியப்புறம் மூன்று மணிக்கெல்லாம் நிற்க வேண்டும். அவள் வீடு வடமராட்சி. அந்த நேரத்தில் பஸ் இல்லை, எங்களிடமும் ஏற்றி இறக்க வாகனம் இல்லை. பெடியனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. வீட்டில் விடுவார்களா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்காமலே பதிலை நானே எழுதிக்கொண்டேனா, அல்லது உண்மையிலேயே வயர்தான் காரணமா? எத்தனை முறை யோசித்தாலும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பக்கம் சாய்கிறேன்.

தொலைக்காட்சிகளில் ரூபவாஹினி 1982இல் வந்தது, சக்தி 1998இல், வசந்தம் 2009இல். மூன்றுக்கும் தலைமையிடம் கொழும்புப் பக்கம். அங்கே வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளைக்கு "கொழும்புக்குப் போ" என்று சொல்லலாம். இங்கே உதவியாளர் வேலைக்கு விளம்பரம் வருவது அபூர்வம். முதல்நாள் இரவு கமராக்காரர் ஒருவர் இன்னொருவருக்குப் போன் எடுப்பார்: "நாளைக்கு விடிய ஒரு ஆள் வேணும்." ஏற்கெனவே பக்கத்தில் நின்ற ஒருவனின் பெயர்தான் வரும். பக்கத்தில் நிற்கப் பழக்குவது கலியாண வீடியோ ஸ்ரூடியோக்கள். நான் பார்த்தவரை அங்கே பெண்பிள்ளைகளை எடுப்பதில்லை. ஆகவே அவள் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் என்னிடம் பதில் இல்லை.

எனக்கும் ஒன்றும் தெரியாதபோதுதான் ஒருவர் கையில் லைற்றைத் தந்து பிடிக்கச் சொன்னார். ஆனால் அப்போது பிழையாய்ப் பதிந்ததை வெட்டி எறியலாம், நேரலையில் அது முடியாது. சரி, தேரன்று வேண்டாம், ஸ்ரூடியோ நேர்காணலுக்காவது அவளைக் கூப்பிட்டிருக்கலாமே என்று உடனே தோன்றுகிறது.

பிறகு கூப்பிட்டேன். ஒரு கடன் கொடுக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "லீவு தரமாட்டினம் அண்ணா. சனிக்கிழமை எண்டால் வருவன்." எங்கள் படப்பிடிப்பு செவ்வாய்க்கிழமை. நாளை மாற்ற முடியுமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். ஒரு உதவியாளருக்காகப் படப்பிடிப்பு நாளை மாற்றுவதா என்றார். அந்தப் பெடியனுக்காக யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் இன்னொரு முறை கேட்கப்போகிறேன்.