60 கிலோவை மடியில் வைத்துக் கொஞ்சுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவன்

ஹவுஸ் சிட்டிங் என்றால் என்ன என்று கேட்ட நண்பரிடம் 'வீட்டுக்காவல்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். "எந்தக் கேஸ்ல?" என்றார். அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் வெளியூர் போவார். அவர் திரும்பும்வரை அந்த வீட்டில் நாம் வாடகையில்லாமல் தங்கலாம். பதிலுக்கு அவருடைய நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் காசு கைமாறாது. ஆனால் அந்த வீட்டுக்கு நம்மைப்போல் பத்துப் பேர் அடிபோடுவார்கள் என்பதால் விண்ணப்பம் எழுத வேண்டும்.

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எனக்குப் பயணம் உயிர், உங்கள் ஊர்க் கடற்கரையைப் பார்க்க நெடுநாள் ஆசை, புகை, மது கிடையாது, பதினைந்து வருட அலுவலக அனுபவம் என்று நிரப்பியிருந்தேன். மனைவி பொறுமையாகப் படித்துவிட்டு, "ஏங்க, இதுல பூனை எங்க?" என்றாள்.

பூனை கடைசி வரியில் இருந்தது. "லூனாவை மடியில் வைத்துக் கொஞ்ச ஆவலாகக் காத்திருக்கிறோம்."

லூனா வீட்டிலிருந்து பதிலே இல்லை. சரி, இவ்வளவு எழுதியதை வீணாக்குவானேன் என்று அதையே நகலெடுத்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, ஒரே இரவில் ஏழு வீடுகளுக்கு அனுப்பினேன். ஆறு பேர் மௌனம். ஏழாமவர் மட்டும் மறுநாள் காலையில் எழுதியிருந்தார்: "எங்கள் ஊரில் கடல் இல்லை. எங்கள் வீட்டில் லூனாவும் இல்லை. இருப்பது புருனோ. கிரேட் டேன் நாய், 60 கிலோ. உங்கள் மடி தாங்குமா?"

அன்றோடு எழுத்துப்பணி என் கையைவிட்டுப் போனது.

மனைவி விண்ணப்பம் எழுதுவதற்கு முன் வீட்டுக்காரர் போட்ட விளம்பரத்தை மூன்று முறை படித்தாள். நான் வீட்டுப் புகைப்படங்களைத்தான் பார்ப்பேன், குறிப்பாகக் கட்டிலை. அவளோ அந்த விளம்பர மொழிக்கு ஓர் அகராதியே வைத்திருந்தாள். 'உற்சாகமான நாய்' என்றால் தோள்பட்டை கழன்றுவிடும். 'கொஞ்சம் கூச்ச சுபாவம்' என்றால் பத்து நாளும் வாலைக்கூடப் பார்க்க முடியாது. 'தனியாக விட்டால் பிடிக்காது' என்றால் சோபாவின் உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே வந்திருக்கும்.

அப்படி அவள் கண்ணில் பட்டதுதான் மிட்டு. பதின்மூன்று வயதுப் பூனை. சர்க்கரை நோய். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்டதும் இன்சுலின் ஊசி. இதைப் படித்ததும் நான் அடுத்த வீட்டுக்குத் தாவப் போனேன். அவள் விடவில்லை. "எல்லாரும் இப்படித்தான் ஓடியிருப்பாங்க. நாம போடுவோம்."

அவள் எழுதியது மொத்தமே பதினான்கு வரி. முதல் வரியிலேயே மிட்டு வந்துவிட்டது. என் அம்மாவுக்கு மூன்று வருடம் தானே இன்சுலின் போட்டதை இரண்டாவது வரியில் சொன்னாள். காலை 7, இரவு 7 இரண்டு வேளையும் கட்டாயம் வீட்டில் இருப்போம், மற்ற நேரத்திலும் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், முந்தின நாள் மாலையே வந்து நீங்கள் ஊசி போடுவதை நேரில் பார்த்துக்கொள்கிறோம் என்று தேதியோடு எழுதினாள். வீடியோவில் பேசலாமா என்றும் கேட்டிருந்தாள். கடற்கரை வரவேயில்லை. என் பதினைந்து வருட அனுபவமும்தான்.

நான் வந்தது ஒரே இடத்தில். "என் கணவருக்கு ஊசியைக் கண்டால் தலைசுற்றும். ஆகவே ஊசி முழுக்க என் பொறுப்பு." இதெல்லாம் எழுத வேண்டுமா என்று சண்டை போட்டுப் பார்த்தேன். "அங்க போய் நீங்க விழுந்தா தெரியாதா?" என்றாள்.

அப்புறம் கடைசியில் ஒரு கேள்வி: "மிட்டு அன்று சாப்பிட மறுத்தால் என்ன செய்வது? அவளுடைய மருத்துவரை எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்?" வெறும் வயிற்றில் வழக்கமான அளவைப் போட்டுவிட்டால் சர்க்கரை மடமடவென இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். மாமியாரைப் பார்த்துக்கொண்டதில் அவளுக்கு அத்துப்படி.

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. வந்த எட்டு விண்ணப்பங்களில் இதைக் கேட்டது நாங்கள் மட்டும்தானாம். வீடியோ அழைப்பில் மிட்டுவின் வீட்டுக்கார அம்மா அரை மணி நேரம் பேசினார். மிட்டு கேமராவுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நேர்காணலில் எனக்கு அந்தத் தைரியம் வந்ததேயில்லை.

அந்த அம்மா கிளம்பிய முதல் நாள் இரவு 7 மணி. மிட்டு கிண்ணத்தைக் காலி செய்து ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. மனைவி முதுகுத் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி, ஊசியை இறக்கி, எடுத்துவிட்டாள். பூனை நக்குவதைக்கூட நிறுத்தவில்லை. கிண்ணம் நகராமல் பிடித்துக்கொள்கிறேன் என்று பெருமையாகக் குந்தியிருந்த நான்தான் அப்படியே தரையில் சாய்ந்தேன். கண் திறந்தபோது மூக்குக்கு நேரே மிட்டு. மீசை கன்னத்தில் உரசியது. வாயில் மீன் வாடை.

பதினோரு நாள் கழித்து அந்த அம்மா எழுதிய மதிப்புரையில் ஐந்து நட்சத்திரம். "மிட்டுவை மிக நன்றாகப் பார்த்துக்கொண்டார். கணவரையும் அவரே பார்த்துக்கொண்டார்."